கும்பகோணத்தில் முதல் வாடகை வீடு: ஓர் ஆவணச் சரிபார்ப்பு மற்றும் வாடகை மேலாண்மைச் சேவை குறித்த மதிப்பீடு

கும்பகோணத்தில் வாடகைக்கு விடும் நோக்கத்துடன் முதன்முதலாக ஒரு வீடு வாங்க முடிவு செய்தபோது, பதிவுத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் ஓர் இளம் வழக்கறிஞரும் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்றின் சேவையைப் பெற்றேன். ஆவணங்களைப் படித்து எழுத்துமூலம் கருத்துரை தருவது, எதிர்பார்க்கக்கூடிய வாடகையைக் கணித்துச் சொல்வது, வாங்கிய பின்னர் குடிவருவோரைத் தேடித் தந்து மாதந்தோறும் வாடகையை வசூலித்து அனுப்புவது என மூன்று வேலைகளை அவர்கள் செய்கிறார்கள். மூன்றுக்கும் கட்டணம் தனித்தனி. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: முதல் வேலைக்குக் கொடுத்த பணம் முழுப் பயனைத் தந்தது, இரண்டாவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் நாமே மறுபடியும் கணக்கிட வேண்டும், மூன்றாவது உள்ளூரில் இருப்பவருக்குத் தேவையற்ற செலவு. இதே வேலைகளை டெல்டாவின் மற்ற ஊர்களில் வழக்கறிஞர்களும் அனுபவமுள்ள பத்திர எழுத்தர்களும் செய்து தருவதால், எந்த அலுவலகம் என்பதைவிட அங்கே எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே புதியவருக்கு உதவும் என்று கருதி, அதை விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் விரும்பியது கோயில் வீதி ஒன்றில் இருந்த பழைய வீடு. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை வரை நீண்டு செல்லும் அமைப்பு. கடைத்தெருவும் பேருந்து வசதியும் பக்கத்திலேயே. இரண்டு குடித்தனமாகப் பிரித்தால் ஆள் கிடைப்பதில் சிரமமே இருக்காது என்று தரகர் உறுதியாகச் சொன்னார். வாடகைக் கணக்குடன் அலுவலகத்துக்குப் போன என்னிடம் அந்தப் பெரியவர், “அம்மா, வாடகை எவ்வளவு வரும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மனை யாருடையது என்பதை முதலில் பார்ப்போம்” என்றார். வேறு ஊரில் இது சம்பிரதாயமான கேள்வியாக இருக்கலாம். காவிரிக் கரையில் அப்படி அல்ல.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பல மனைகள் தேவஸ்தானத்துக்கோ ஆதீனத்துக்கோ உரியவை. வீட்டைக் கட்டியவர் தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்துவருவார். வரி அவர் பெயரிலும் மின் இணைப்பு அவர் பெயரிலும் இருக்கும். ஆனால் அடிமனைக்கு மட்டும் கோயிலுக்கு வாடகை கட்டி ரசீது வாங்கிக்கொண்டிருப்பார். அத்தகைய வீட்டை விற்பவர் நமக்கு விற்பது சுவரையும் கூரையையும்தான். நிலம் அவருடையது அல்ல என்பதால் அதை அவரால் விற்க முடியாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்துள்ள 22-அ பிரிவின்படி, அறநிறுவனங்களுக்கு உரிய சொத்தை உரிய அனுமதியின்றி மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தைப் பதிவு அலுவலர் பதிவு செய்ய மறுக்க வேண்டும். இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி மனை வாடகை காலத்துக்குக் காலம் மறுநிர்ணயம் செய்யப்படும். அது உயரும்போது நமக்கு வரும் வாடகையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வங்கியும் நம் பெயரில் இல்லாத நிலத்தை ஈடாக ஏற்றுக்கொள்ளத் தயங்கும். இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் உண்டு. முதல் வீட்டை வாங்குபவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விற்பவர் கொடுத்த பத்திர நகலில், நிலம் நீங்கலாகக் கட்டடத்தை மட்டும் குறிக்கும் “மேல்கட்டுமானம்” என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், சொத்து விவரப் பட்டியலின் இறுதி வரியில் இருந்தது. பெரியவர் அதன் கீழே பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். பிறகு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து உரிமையாளர் பெயருக்கான இடத்தைக் காட்டினார். அங்கே கோயிலின் பெயர் இருந்தது. நான் அதுவரை பார்த்திருந்த வில்லங்கச் சான்றில் இது எதுவும் தெரியவில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்க முடிவது பெரிய வசதிதான் என்றாலும், அது பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். நிலத்தின் ஆதி உரிமை, பதிவாகாத உயில், குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பேசிக்கொண்ட பாகப்பிரிவினை ஆகியவை அதில் இடம்பெறா. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி முன்பணம் கொடுப்பவர்கள் நம் பகுதியில் இன்றும் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வீட்டை விட்டுவிட்டு, மாநகராட்சி எல்லைக்குள்ளேயே ஊரின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு மனைப்பிரிவில், தரைத்தளமும் முதல் மாடியுமாகத் தனித்தனி வாசலுடன் கட்டப்பட்ட வீட்டைப் பார்த்தோம். இங்கே கேள்விகள் வேறு. முதலாவது, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா என்பது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வயலாக இருந்து மனையான நிலம் டெல்டா நகரங்களின் ஓரமெங்கும் இருப்பதால், ஒப்புதல் எண்ணையும் வரைபடத்தையும் கையில் வாங்கி, நாம் வாங்கும் மனை அந்த வரைபடத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அலுவலகம் இதைச் செய்ததோடு நில்லாமல், நில எல்லைகளின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து, மனைக்குப் பின்னால் ஓடும் பாசன வாய்க்காலின் எல்லைக்குள் கொல்லைச் சுவர் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று அளந்து உறுதிசெய்தது. நீர்நிலைப் புறம்போக்கில் ஓர் அடி நுழைந்திருந்தாலும் என்றாவது ஒருநாள் இடிக்கும் ஆணை வரலாம். அதற்கு நாம் வாங்கிய பத்திரம் பதிலாகாது.

இரண்டாவது கேள்வியில்தான் இவர்களுடைய திறமை முழுமையாகத் தெரிந்தது. விற்பவரின் தந்தை அந்த மனையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவர். உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பட்டா மகன் பெயருக்கு மாறியிருந்தது, சொத்து வரியும் அவர் பெயரில் இருந்தது, அவரும் நேர்மையான மனிதர். ஆனால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கியபோது அதில் திருமணமாகி வெளியூரில் வாழும் இரண்டு சகோதரிகளின் பெயர்களும் இருந்தன. தந்தை உயிலின்றி இறந்தால் அவருடைய தனிச்சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருந்துவருகிறது. பூர்விகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்குமாக விரிந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. “சீர் செய்து கொடுத்துவிட்டோம், அவர்கள் கேட்க மாட்டார்கள்” என்று விற்பவர் சொன்னதற்கு இந்தச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. சகோதரிகள் இருவரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும், அல்லது அதற்கு முன் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவுசெய்து தர வேண்டும் என்று அலுவலகம் எழுத்தில் கேட்டது. இருவரும் வந்து கையெழுத்திட்டார்கள். அவர்களுக்குரிய தொகை அவர்கள் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. பெண்களின் பங்கு அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தது, வீடு வாங்கியதைவிட எனக்கு நிறைவளித்தது.

இந்தக் கருத்துரைக்கு நான் கொடுத்த கட்டணம் 12,000 ரூபாய். வாங்கிய வீட்டின் ஒரு மாத மொத்த வாடகையில் ஏறக்குறைய முக்கால் பங்கான அந்தத் தொகை, கைவிட்ட வீட்டையும் வாங்கிய வீட்டையும் சேர்த்துப் படித்ததற்கானது.

குறை ஒன்று உண்டு. அது சிறியதும் அல்ல. கருத்துரையின் கடைசிப் பக்கத்தில் “கட்டடம் நல்ல நிலையில் உள்ளது” என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் பொறியாளர் அல்லர். டெல்டாவின் களிமண் மழைக்காலத்தில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வயலில் மண் அடித்து உயர்த்திய மனை சரியாக இறுகும் முன்னே கட்டிய வீட்டில் மூலைச் சுவர்களில் சாய்வான விரிசல் தோன்றும். வெள்ளையடித்து விற்பனைக்கு வைத்த வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. நான் தனியாக ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துச் சென்றேன். அடித்தளம் சரியாக இருந்தது, ஆனால் மாடியின் தளம் மழைநீரைத் தேக்கும்படி சரிந்திருந்ததையும் கழிவுநீர்த் தொட்டி இரண்டு குடித்தனத்துக்குப் போதாது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இதைச் சொல்லி விலையில் ஒரு தொகையைக் குறைக்க முடிந்தது. தமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி அந்த அலுவலகம் அந்த வரியை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தெருவைப் போய்ப் பாருங்கள் என்று பெரியவர் சொன்ன ஆலோசனை மட்டும் மிகச் சரியானது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

இனி வாடகைக் கணிப்பு. தரைத்தளத்துக்கு 9,000, மாடிக்கு 7,500 என மாதம் 16,500 ரூபாய் கிடைக்கும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது அது நியாயமான தொகையே. ஆனால் அதை 12 மாதத்தால் பெருக்கி, வீட்டு விலையான 42 லட்சத்தால் வகுத்து, ஆண்டுக்கு 4.7 சதவீத வருமானம் என்று அறிக்கையில் போட்டிருந்ததை ஏற்க முடியாது. விலையோடு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் நம் கையிலிருந்து போவது 45 லட்சத்து 78 ஆயிரம். பதிவுக் கட்டணம் 2023-இல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, இடத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டதையும், கிரய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீதுதான் இவை கணக்கிடப்படும் என்பதையும் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது, ஆண்டு முழுவதும் வீடு நிரம்பியிருக்கும் என்ற அனுமானம். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். ஆனிக் கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி பிறக்கும் வரை அந்த வீடு பூட்டித்தான் கிடக்கும். பள்ளி, கல்லூரி திறக்கும் காலத்தையும் பணி மாறுதல் காலத்தையும் ஒட்டிச் சித்திரை, வைகாசியில் தேடுவோர் மிகுதி. அதைத் தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். ஆகவே ஆண்டுக்கு 11 மாத வாடகை என்று வைத்தால் 1,81,500 ரூபாய். சொத்து வரி, மோட்டார் பழுது, வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு 25,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 1,56,500. முழுச் செலவின்மீது ஏறக்குறைய 3.4 சதவீதம். வங்கி வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டியைவிட இது குறைவு என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வாடகை காலப்போக்கில் உயரும், நிலத்தின் மதிப்பும் உயரக்கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் மீதி நியாயம் இருக்கிறது. வருமான வரியில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பின் மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம் என்பது ஓரளவு ஆறுதல்.

கடன் வாங்கி முதலீடு செய்ய நினைப்பவர் இன்னும் ஒரு கணக்கைப் போட வேண்டும். விலையில் பாதியான 21 லட்சத்தை மட்டும் 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் வாங்கினாலும் மாதத் தவணை சுமார் 18,200 ரூபாய். இரண்டு குடித்தனத்தின் வாடகையும் சேர்ந்து அதைக் கட்டப் போதாது. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று தரகர்கள் சொல்லும் பேச்சு தஞ்சைப் பகுதி விலைக்கும் வாடகைக்கும் பொருந்தாது. இந்த இடைவெளியை அடைக்கச் சிலர் வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறார்கள்: மாத வாடகை இல்லை, குடிவருபவர் மொத்தமாகச் சில லட்சங்களைத் தருவார், காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையை வீட்டின் விலைக்கே கொடுத்துவிட்டால், கெடு வரும்போது வேறொருவரிடம் போக்கியம் வாங்கித்தான் முதலாமவருக்குக் கொடுக்க முடியும். அந்தச் சங்கிலி ஓர் ஆண்டு அறுந்தால் பாதிக்கப்படுவது தம் சேமிப்பையெல்லாம் நம்பிக் கொடுத்த அந்தக் குடும்பமும்தான். அலுவலகத்தின் அறிக்கை போக்கியத்தை ஒரு மாற்று வழியாக இரண்டு வரியில் பரிந்துரைத்தது. இந்த அபாயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மாடியை நவக்கிரகத் தலங்களுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், 2028 மகாமகத்தில் நல்ல வருமானம் பார்க்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள். அது தங்கும் விடுதி நடத்தும் தொழில். தனி அனுமதி, தினசரி துப்புரவு, ஓயாத கவனம் ஆகியவற்றைக் கோருவது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவை நம்பி வீட்டின் கணக்கைப் போடக் கூடாது.

மூன்றாவது சேவைக்கு, ஆள் தேடித் தர ஒரு மாத வாடகையும் அதன் பின் மாதந்தோறும் வாடகையில் 8 சதவீதமும் கட்டணம். ஒப்பந்தத்தை அவர்கள் எழுதித் தந்த முறை பாராட்டத்தக்கது. 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதே போதும் என்ற பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம், நகர்ப்புறங்களில் எந்தக் கால அளவிலான வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்பவரோடு பிணக்கு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. இவற்றை இரு தரப்புக்கும் படித்துக் காட்டி, பழுதுகளில் எது யார் பொறுப்பு என்று பட்டியலிட்டு, பதிவையும் முடித்துக் கொடுத்தார்கள். மின் இணைப்பு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும் சரியே; மின்கட்டணத்தைப் பங்கு பிரிப்பதில் முறிந்த உறவுகள் எத்தனையோ.

ஆனால் குடிவருவோர் நிரப்ப வேண்டிய படிவத்தில் “சமூகம்”, “உணவுப் பழக்கம்” என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. உரிமையாளர்கள் கேட்கிறார்கள், அதனால் வைத்திருக்கிறோம் என்றார்கள். என் வீட்டுக்கான படிவத்தில் அவ்விரண்டையும் அடிக்கச் சொன்னேன், அடித்துத்தான் கொடுத்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்க்கும் ஒரு செவிலியரோ கல்லூரி ஆசிரியரோ இந்த இரண்டு கட்டங்களால் தெருத்தெருவாக அலைக்கழிக்கப்படுவது நம் ஊர்களில் அன்றாடம் நடக்கும் அநீதி. வாடகை தவறாமல் கட்டுவாரா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாரா என்பவை மட்டுமே உரிமையாளர் கேட்கத் தகுந்தவை. இப்போது தரைத்தளத்தில் ஒரு வங்கி ஊழியரின் குடும்பமும் மாடியில் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

8 சதவீதக் கட்டணம் 16,500 ரூபாய்க்கு மாதம் 1,320. ஓர் ஆண்டு முழுவதற்கும் 15,840. ஏற்கெனவே 3.4 சதவீதமாக இருக்கும் வருமானத்தை இது 3 சதவீதத்தின் அருகே இறக்கிவிடும். வாடகை நேரடியாக வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. குழாய் பழுதுக்கும் மின்பழுதுக்கும் கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மேலாண்மையை நானே எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு வாங்குபவருக்கு மட்டும் இந்தச் சேவை பொருந்தும். அவர்கள்கூட ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவு அறிக்கையும் வீட்டின் படங்களும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வீடு வாங்கும் நிலை வந்தால் ஆவணங்களைப் படிக்க இதே அலுவலகத்துக்குத்தான் போவேன். முதன்முறை போகிறவர்கள் விற்பவரிடமிருந்து மூலப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரையான நகல்கள், பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடம், கட்டட அனுமதி, கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, உரிமையாளர் யாரேனும் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு போகலாம். இவை கையில் வந்து, எழுத்தில் கருத்துரையும் கிடைக்கும் வரை, எவ்வளவு நல்ல மனிதர் கேட்டாலும் அட்வான்ஸ் தொகை எதுவும் கொடுக்க வேண்டாம்.